ஹொண்டாவில் வந்த மரியா

“இன்னொருக்கால் போடு, பிள்ளை.”

“அப்பா, இது ஒன்பதாம் தரம்.”

“ஒன்பதோ தொண்ணூறோ, போடு. அந்த ஹொண்டா எந்தப் பக்கத்தால வந்ததெண்டு எனக்குத் தெரியவேணும். சத்தத்தை மட்டும் அமத்தி வை.”

டிலோஜினி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். பாலர் பாடசாலையில் முப்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்தவளுக்கு வீட்டில் முப்பத்தோராவது பிள்ளையாக அப்பா. திரையில் மறுபடியும் மன்னார்ப் பட்டணத்து வாசல் வந்தது.

அவளுடைய அப்பா அமிர்தநாயகம் பட்டா ஓட்டுகிறவர். பட்டா என்றால் நாலு சில்லுச் சின்ன லொறி. இலுப்பைக்கடவைப் பக்கத்துக் கரையிலிருந்து மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போவார். வெறும் பெட்டியோடு திரும்பி வருவார். பட்டாவுக்குள் தொங்கும் கண்ணாடியில் பூட்டியிருந்த சின்னக் கமெரா பிடித்த படம்தான் இப்போது ஓடியது. மூன்று நிமிஷத் துண்டு. அமிர்தநாயகம் கதிரை நுனியில் குந்தியிருந்து கொப்பியில் கோடு போட்டார்.

“பஜாஜ் ஒண்டு. ஹீரோ ரெண்டு. சைக்கிள் நாலு. பஸ் ஒண்டு. கழுதை ஆறு. ஹொண்டா இல்லை.”

“கழுதை அஞ்சு. ஒண்டு திரும்பி வந்தது.”

“கழுதையை விடுங்கோ. மரியாவைப் பாருங்கோ,” என்று குசினிக்குள்ளிருந்து மாக்கிறட்டின் குரல் வந்தது. அமிர்தநாயகத்தின் மனைவி. மீன் வெட்டும் சத்தத்தோடு சேர்ந்து வந்தது அந்தப் பேர். ‘மரி’க்கு ஒரு வெட்டு, ‘யா’வுக்கு ஒரு வெட்டு.

டிலோஜினி திடீரென்று நிமிர்ந்தாள். “அப்பா, வீடியோவில மரியா இருக்கிறா!”

அமிர்தநாயகத்தின் கையிலிருந்து பேனா விழுந்தது. மாக்கிறட் கத்தியோடு ஓடி வந்தார். “எங்க? எங்க அவள்?”

டிலோஜினி திரையின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். முன்கண்ணாடியோடு ஒட்டி வைத்திருந்த மாதா சொரூபத்தின் முதுகும் நீல முக்காடும். படத்தில் மூன்றில் ஒரு பங்கை மாதாவே எடுத்துக்கொண்டிருந்தார்.

“நக்கலோடி உனக்கு?”

“நக்கல் இல்லையம்மா, வடிவாப் பாருங்கோ. இடப்பக்கம் முழுக்க மாதா. அந்தப் பக்கத்தால ஹொண்டா வந்தாலும் தெரியாது, கப்பல் வந்தாலும் தெரியாது.”

அமிர்தநாயகம் தலையில் கை வைத்தார். ஒன்பது தரம் பார்த்தும் அது அவர் கண்ணில் படவில்லை. தினமும் பார்க்கிற முதுகு.

“மூலையில முப்பத்தெட்டு எண்டு காட்டுதே, அது என்னப்பா?”

“அது வெக்கை.”

முப்பத்தெட்டு மன்னாருக்குப் பொருத்தமாகவே இருந்தது. டிலோஜினி மேலே கேட்கவில்லை.

நடந்தது முந்தின நாள், புதன்கிழமை. பட்டணத்து வாசலில் ஒரு பொலிஸ்காரன் கையை நீட்டி மறித்தான். அமிர்தநாயகம் உடனே எஞ்சினை நிற்பாட்டி, இரண்டு கையையும் ஸ்டியறிங்கின் மேல் வைத்துக்கொண்டார். சோதனைச்சாவடிக் காலத்தில் பழகியது. சாவடிகள் போயும் கை மறக்கவில்லை. எஞ்சின் நின்றதும் கமெராவும் நின்றது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் படத்தில் இல்லை.

பொலிஸ்காரன் ஐந்து நிமிஷம் சிங்களத்தில் பேசினான். அமிர்தநாயகத்துக்குத் தெரிந்த சிங்களம் இரண்டே சொல்: “ஹரி சேர்.” சரி ஐயா என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர் முள்ளுக்கம்பி முகாமிலிருந்து பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஊருக்குக் கூட்டி வந்து சேர்த்தவர். ஆகவே எல்லாவற்றுக்கும் “ஹரி சேர்” என்றார். பொலிஸ்காரன் லைசென்ஸை வாங்கி நம்பரை எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். இன்னொருவன் முன்னால் வந்து அவரைப் படம் பிடித்தான். பிறகு மஞ்சள் கரை போட்ட கனத்த கடதாசி ஒன்றில் ஏதோ எழுதி நீட்டினார்கள். முழுக்கச் சிங்களம். கடைசியில் பொலிஸ்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஒன்று சொன்னான். அது அமிர்தநாயகத்தின் காதில் “ஹொண்டா மரியா துரா” என்று விழுந்தது.

“தண்டமும் எழுதிப்போட்டுச் சிரிக்கிறான் பாரும்,” என்றார் அமிர்தநாயகம், பட்டாவை எடுத்த பிறகு. இருபத்திரண்டு வருச ஓட்டத்தில் அவர் ஒரு தண்டப் பேப்பரையும் கண்டதில்லை. கண்டிருந்தால் கதை இவ்வளவு நீண்டிராது.

பக்கத்துச் சீற்றில் யோசேப் இருந்தார். பல்லுக் கழற்ற ஆஸ்பத்திரிக்கு வந்தவர், வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார். ஆமிக் காம்பில் ஆறு மாதம் மேசன் வேலை செய்ததால் ஊரில் சிங்களம் தெரிந்த ஆள் அவர்தான். சீமெந்து, மணல், தண்ணி, கெதியா, நாளைக்கு ஆகிய ஐந்தும் அவருக்குத் தண்ணீராக ஓடும்.

“பேப்பரைக் கொஞ்சம் வாசியும் யோசேப்.”

“வாசிப்பு வராது. எனக்குப் பேச்சுத்தான். அவன் சொன்னதைச் சொல்லும், நான் பிரிச்சுத் தாறன்.”

“ஹொண்டா மரியா துரா.”

யோசேப் கண்ணை மூடினார். “ஹொண்டா, அது மோட்டச்சைக்கிள். மரியா, அது பொம்பிளை. துர எண்டா சிங்களத்தில தூரம். விளங்குதோ?”

“இல்லை.”

“ஹொண்டாவில வந்த மரியா எண்ட பொம்பிளையை நீர் தூரத் தள்ளி விழுத்திப்போட்டீர்.”

“நான் ஒருத்தியையும் இடிக்கேல்லையே! நீரும் பக்கத்திலதானே இருந்தனீர்?”

“நான் பல்லு வலியில கண்ணை மூடிக்கொண்டு வந்தனான். அவன் கேட்டதுக்கு நீர் என்ன சொன்னனீர்?”

“ஹரி சேர்.”

“போச்சுது. ஒத்துக்கொண்டிட்டீர்.”

“லைசென்ஸைத் திருப்பித் தந்திட்டானே?”

“சின்னக் கேஸுக்குத்தான் லைசென்ஸை எடுக்கிறது. இது நேர கோட்ஸ். பேப்பரைத் தொட்டுப் பாரும், என்ன கனம்! பேப்பர் கனத்தா கேஸும் கனம்.”

அமிர்தநாயகத்தின் கவலை கோட்ஸ் என்கிற நீதிமன்றம் இல்லை. வியாழக்கிழமை. அடுத்த வார வியாழக்கிழமை கடற்றொழிலாளர் சங்கத்துக்கு வரப்போகும் புதுக் குளிர்லொறிக்குச் சாரதி எடுக்கிறார்கள். நிரந்தர வேலை. திட்ட உத்தியோகத்தர் சிவசுப்பிரமணியம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: “வாகனக் குற்றம் ஒண்டும் பதியாத லைசென்ஸ் வேணும்.” அந்தக் கரையில் அப்படி ஒரு லைசென்ஸ் அமிர்தநாயகத்திடம் மட்டும்தான் இருந்தது.

குளிர்லொறிக்கு ஐஸ் உடைக்கத் தேவையில்லை. அது தெரிந்தவனுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருசம் விடியலில் எழும்பி ஐஸ் பாளத்தைக் கட்டையால் அடித்து அடித்து, அவருடைய வலது தோள் இடது தோளை விட இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. சட்டை போட்டால் ஒரு பக்கம் சரியும். பெட்டி தூக்கினால் கை பாதியில் நிற்கும். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த வருசம் பெட்டி தூக்கக் கை இருக்குமோ தெரியாது.

அன்று பின்னேரம் மாக்கிறட் கடதாசியை வாங்கிப் பார்த்தார். எழுத்து விளங்கவில்லை, கனம் விளங்கியது. நேரே அந்தோனியார் கோயிலுக்குப் போய், கடதாசியை நாலாக மடித்து விண்ணப்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார். பெட்டியைச் செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்கள். திறப்புச் சாவி பாதரிடம். பாதர் தியானத்துக்கு மடுவுக்குப் போயிருந்தார்.

“உமக்கு விசரோ? அது கேஸ் பேப்பர்!”

“கேஸை யாரிட்டக் குடுக்கவேணுமோ அவரிட்டக் குடுத்திட்டன். நீங்கள் மரியா ஆரெண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“எனக்குத் தெரியாது!”

“தெரியாத பொம்பிளையின்ர பேரைப் பொலிஸ் ஏன் உங்களுக்கு வந்து சொல்லுது?”

உண்மையில் அமிர்தநாயகத்துக்கும் அதே கேள்விதான்.

வெள்ளிக்கிழமை வஸீரின் கடைக்குப் போனார்கள். பஸ் நிலையத்துக்கு முன்னால் போன் விற்கிறவன். கமெராவைப் பூட்டிக் கொடுத்ததும் அவன்தான். குழந்தையாக மன்னாரை விட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, மீசை வைத்துக்கொண்டு திரும்பி வந்தவன். அமிர்தநாயகம் யோசேப்பை மட்டும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார். மாக்கிறட் முதலே பட்டாவில் ஏறி இருந்துவிட்டார்.

“அவளின்ர முகத்தை நானும் பார்க்கவேணும்.”

வஸீர் படத்தைப் பெரிதாக்கினான். மாதாவும் பெரிதானார்.

“மாதாவுக்கு அங்காலப் பக்கம் பார்க்க ஏலாதோ தம்பி?”

“கமெராவால ஏலாதண்ணை. அது உங்கட நேர்ச்சையாலதான் ஏலும். நீங்கள் முதல்ல அந்தப் பேப்பரைக் கொண்டாங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுறன். ஸ்கூல் முழுக்கச் சிங்களப் பொடியளோடதானே படிச்சனான்.”

“பேப்பர் அந்தோனியாரிட்ட. செவ்வாய்க்கிழமைதான் வரும்.”

“பேப்பர் தேவையில்லை. அதில இருக்கிறதை நான் ஏற்கனவே பிரிச்சுக் குடுத்திட்டன்,” என்றார் யோசேப் கொஞ்சம் விறைப்பாக.

வஸீர் காதைச் சொறிந்தான். “அப்ப சத்தத்தைக் கேட்பம். இடிச்சிருந்தா இடிச்ச சத்தம் இருக்கும். இந்தத் துண்டு மட்டும் காணாது, இதுக்கு முதல் துண்டையும் போடவேணும். கமெராவைத் தாங்கோ.”

“முதல் துண்டு வேண்டாம்,” என்றார் அமிர்தநாயகம்.

அந்தச் சொல் வாயை விட்டுப் போன வேகத்திலேயே மாக்கிறட் திரும்பினார். “ஏன் வேண்டாம்? அதிலதான் மரியா இருக்கிறாளோ? போடு தம்பி.”

முதல் துண்டு ஓடியது. பெரிய பாலம், இரண்டு பக்கமும் கடல். போன் மணி அடித்தது. அமிர்தநாயகத்தின் குரல் கடை முழுக்கக் கேட்டது: “ஓம் மாக்கிறட். சாப்பிட்டுக்கொண்டுதான் வாறன். குரக்கன் புட்டு நல்ல மெது. சீனிவருத்தத்துக்கு இதுதான் மருந்து.”

மாக்கிறட்டின் முகம் கொஞ்சம் இளகியது.

பாலம் முடிந்தது. பட்டா வேகம் குறைந்து, எஞ்சினை நிற்பாட்டாமலே றோட்டோரமாக நின்றது. முன்னால் ஆறு கழுதைகள். கதவு திறக்கும் சத்தம். அமிர்தநாயகம் படத்துக்குள் வந்தார், கையில் ஒரு சாப்பாட்டுப் பார்சல். குனிந்து, பார்சலை விரித்து, கழுதைகளுக்கு முன்னால் வைத்தார். முதுகைத் தடவி ஏதோ சொன்னார். ஒரு கழுதை மணந்து பார்த்தது. ஒரு வாய் எடுத்தது. தலையை ஆட்டிவிட்டு அப்பால் போனது. மற்றது வந்து மணந்து பார்த்தது. அது வாயே வைக்கவில்லை.

வஸீர் படத்தை நிற்பாட்டினான்.

“கழுதை ஆறுதான்,” என்றார் யோசேப், ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காக.

“நாலு மணிக்கு எழும்பிக் குரக்கன் மா குழைச்சனான்,” என்றார் மாக்கிறட் மெதுவாக.

“மாக்கிறட், அது வந்து…”

“கழுதையே வேண்டாமெண்ட புட்டு. அப்பிடித்தானே?”

அன்றிலிருந்து வீட்டில் அமிர்தநாயகத்துக்கு மூன்று வேளையும் குரக்கன் புட்டு. எதிரே கதிரை போட்டு மாக்கிறட் காவல் இருந்தார்.

சனிக்கிழமை யோசேப் புது யோசனையோடு வந்தார். “மரியா ஆஸ்பத்திரியிலதான் கிடப்பாள். போய் ஆளைப் பிடிச்சு, இவர் இடிக்கேல்லையெண்டு எழுதி வாங்குவம்.”

மன்னாரில் மரியாவைத் தேடுவது மணலில் சிப்பி தேடுவது மாதிரி. குனிந்த இடமெல்லாம் கிடைக்கும். பெண்கள் வாட்டில் நின்று “மரியா” என்று கூப்பிட, ஆறு கட்டிலில் தலை நிமிர்ந்தது. மூன்று பேர் பிள்ளைப்பேறு, ஒருவர் சலரோகம், ஒருவர் கிணற்றடியில் வழுக்கினவர். ஆறாவது மரியாவுக்கு எழுபத்தைந்து வயது, காலில் கட்டு. ஹொண்டாவில் வந்தனீங்களோ என்று கேட்டதற்கு, “என்னத்தில வந்தா என்ன மோன், தோடம்பழம் கொண்டு வந்தனியோ?” என்றார். கொண்டுபோன தோடம்பழம் முழுவதையும் அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

“இனி ஒரு வழிதான்,” என்றார் யோசேப். “பொலிஸுக்கே போய் வீடியோவைக் காட்டுவம். முழுக்கக் காட்டவேணும். அரைகுறையாக் காட்டினாச் சந்தேகப்படுவாங்கள்.”

திங்கட்கிழமை போனார்கள். பட்டணத்தில் றோட்டுக்குக் குறுக்கே ‘வீதிப் பாதுகாப்பு வாரம்’ என்று துணி கட்டியிருந்தது. அதற்குக் கீழால்தான் பட்டா போனது. அமிர்தநாயகம் அதை வாசித்து, “நல்ல வாரத்தில பிடிச்சிருக்கிறாங்கள்,” என்றார்.

வாகனப் பிரிவில் ஒரு சார்ஜன் இருந்தார். தெற்கு ஆள். அரசாங்கம் நடத்திய வகுப்பில் தமிழ் படித்து முதலாம் பிரிவில் பாஸ் பண்ணியவர். அந்தச் சான்றிதழ் அவருடைய தலைக்கு மேல் தொங்கியது.

“வணக்கம். தயைகூர்ந்து அமருங்கள். தங்களுக்கு நான் எவ்வண்ணம் உதவலாம்?”

அமிர்தநாயகம் யோசேப்பைப் பார்த்தார். “என்ன சொல்லுறார்?”

“நல்ல தமிழ். எனக்கும் விளங்கேல்லை. இரும்.”

அமிர்தநாயகம் இருந்தார். “ஐயா, எனக்கு அநியாயமா ஒரு தண்டப் பேப்பர் தந்திட்டாங்கள். ஹொண்டாவில வந்த மரியாவை நான் இடிக்கேல்லை. எல்லாம் கமெராவில இருக்கு.”

“தண்டப் பத்திரம் எங்கே?”

“அந்தோனியாரிட்ட.”

சார்ஜன் எழுதிக்கொண்டார். “அந்தோனியார். அவர் தங்களுடைய சட்டத்தரணியா?”

“ஒருவகையில ஓம்,” என்றார் யோசேப்.

சார்ஜன் ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டினார். அமிர்தநாயகத்தின் பெயர் அதில் இல்லை. மரியா என்னும் பெண் எவரும் முறைப்பாடு செய்யவில்லை. விபத்தும் பதியப்படவில்லை.

“புதன்கிழமை அவ்விடத்தில் எங்கள் ஆட்கள் நிற்கவில்லை. வீதிப் பாதுகாப்பு வாரத்தின் பொருட்டு வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்களது பத்திரங்கள் எங்களிடம் இல்லை. தாங்கள் வீடு செல்லலாம்.”

அமிர்தநாயகம் அப்போதே எழும்பியிருக்கலாம். பாதி எழும்பியும் விட்டார். யோசேப் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“மேலிடத்துக் கேஸ். இவங்களின்ர புத்தகத்தில இருக்காது. வீடியோவைக் காட்டி இண்டைக்கே முடிச்சுக்கொண்டு போம்.”

அமிர்தநாயகம் திரும்ப இருந்தார். “ஐயா, ஒருக்கால் பார்த்திட்டு, இந்த ஆள் பிழை விடேல்லையெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ. வியாழக்கிழமை எனக்கு வேலை விசயம். காலைப் பிடிச்சுக் கேட்கிறன்.”

சார்ஜன் நல்ல மனுசன். தேத்தண்ணி வரவழைத்து, படம் இரண்டு துண்டையும் முழுவதுமாக, சத்தத்தோடு பார்த்தார். கழுதைகள் வந்தபோது சிரித்தார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து போட்டார். அப்போது சிரிக்கவில்லை.

“இந்த எண்பத்து நான்கு என்ன?”

திரையின் மூலையில், பாலத்தின் நடுவில், அந்த இலக்கம் மின்னியது.

“வெக்கை ஐயா.”

“எண்பத்து நான்கு பாகை வெப்பத்தில் தாங்கள் அவிந்திருப்பீர்கள். இது வேகம். பாலத்தில் அறுபது மட்டுமே அனுமதி.”

அமிர்தநாயகம் குனிந்து அந்த இலக்கத்தை உற்றுப் பார்த்தார்.

“மேலும், ஓடும் வாகனத்தில் தாங்கள் கைபேசியில் உரையாடுகிறீர்கள். குரக்கன் பிட்டு பற்றி.”

“அது அவ எடுத்தது ஐயா. எடுக்காட்டில் வீட்டில…”

“மேலும்,” சார்ஜன் இரண்டாவது துண்டைப் போட்டார். யோசேப்பின் குரல், பல்லு வலியோடு, கொழகொழவென்று கேட்டது: “அமிர்தம், பெல்ற்றைப் போடும்! அங்க பொலிஸ் நிக்கிறான்!” அமிர்தநாயகத்தின் குரல்: “போட்டாச்சு, போட்டாச்சு.” டக் என்று ஒரு சத்தம்.

“இது ஆசனப்பட்டி பூட்டும் ஒலி. அதுவரை தாங்கள் அணியவில்லை.”

அமிர்தநாயகம் மெதுவாகத் திரும்பி யோசேப்பைப் பார்த்தார். “கண்ணை மூடிக்கொண்டு வந்தனான் எண்டீர்?”

“பொலிஸுக்கு மட்டும் திறந்தனான்.”

சார்ஜன் மிக வருத்தத்தோடு பேனாவை எடுத்தார். “ஐயா, இந்நாட்டில் தன் குற்றத்தைத் தானே ஒளிப்பதிவு செய்து, நேரில் கொண்டுவந்து, பார்க்கும்படி மன்றாடிய முதல் மனிதர் தாங்கள். பார்த்த பின் நான் எழுதாதிருக்க இயலாது.”

மூன்று குற்றம். லைசென்ஸை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். கையில் ஒரு மெல்லிய கடதாசி கொடுத்தார். அதில் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் இருந்தது. ‘தண்டப் பத்திரம்’ என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு சிறுபிள்ளையும் வாசிக்கும்.

வெளியில் வந்து பட்டாவில் ஏறிய பிறகு யோசேப் அந்தக் கடதாசியைத் தொட்டுப் பார்த்தார். “இது மெல்லிசு. பயப்படாதையும்.”

“இறங்கும்,” என்றார் அமிர்தநாயகம்.

“வீடு இருபது மைலுக்கு மேல.”

“இறங்கும் எண்டன்.”

யோசேப் இறங்கவில்லை. அமிர்தநாயகமும் பட்டாவை எடுக்கவில்லை. பிறகு அமிர்தநாயகம் பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, வீடு வரை முப்பத்தைந்துக்கு மேல் போகாமல் ஓட்டினார். இரண்டு சைக்கிள்காரர் அவரை முந்திப் போனார்கள்.

விசயத்தைக் கேட்டதும் மாக்கிறட் எழும்பினார். புட்டுக் கோப்பையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, சோறு போட்டுக் கொடுத்தார். அதுதான் அமிர்தநாயகத்துக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. நிலைமை அவ்வளவு மோசமா?

“வியாழக்கிழமை போறேல்லையோ?” என்று மாக்கிறட் கேட்டார்.

“எதைக் காட்டப் போறது? லைசென்ஸ் லாச்சிக்குள்ள கிடக்கு. மூண்டு குற்றம். இருபத்திரண்டு வருசம் ஒண்டும் இல்லை, ஒரு காலமையில மூண்டு.” அவர் வலது தோளை இடது கையால் பிசைந்தார். “ஐஸ்தான் எனக்கு எழுதியிருக்கு.”

மாக்கிறட் கிட்ட வந்து அந்தத் தோளில் எண்ணெய் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, “மரியா எண்டு ஒருத்தி இல்லைத்தானே?” என்றார்.

“ஆணையா இல்லை.”

“அப்ப அந்தக் கனத்த பேப்பரும் கிடக்கு. அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேணும்.”

செவ்வாய்க்கிழமை காலைப் பூசை முடிந்து பாதர் பெட்டியைத் திறந்தார். பிள்ளை வரம், விசா வரம், குடிகாரப் புருசன் என்று எழுதிய கடிதங்களுக்கு நடுவில் மஞ்சள் கரை போட்ட கடதாசி நாலாக மடிந்து கிடந்தது. மாக்கிறட் அதை எடுத்து, முத்தமிட்டு, கணவரையும் யோசேப்பையும் கூட்டிக்கொண்டு நேரே வஸீரின் கடைக்குப் போனார்.

“தம்பி, இதை ஒருக்கால் வாசி. மூண்டோட நாலாச் சேர்த்துக் கட்டிப்போட்டு வந்திடுவம்.”

வஸீர் கடதாசியை விரித்து, கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்துத் தேய்த்தான். வாசிக்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்தி அமிர்தநாயகத்தைப் பார்த்தான். திரும்ப வாசித்தான். திரும்பப் பார்த்தான்.

“மரியா செத்துப்போனாளோ?” என்றார் அமிர்தநாயகம்.

“அண்ணை, புதன்கிழமை கழுதையளுக்கு முன்னால வண்டியை நிப்பாட்டிச் சாப்பாடு குடுத்தனீங்களெல்லோ?”

“கடவுளே! அதையும் எழுதிப்போட்டாங்களோ?”

“ஓம். வாசலில நிண்டவங்கள் கண்டவங்களாம். எழுதியிருக்கு.”

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார் யோசேப். “கனத்த கேஸ்.”

“லைசென்ஸ் எங்கண்ணை?”

“பொலிஸ் லாச்சிக்குள்ள. ஏன் கேட்கிறாய்? ஜெயிலோ? சொல்லித் துலை தம்பி.”

வஸீர் கடையில் கிடந்த ஒரே கதிரையை இழுத்து அமிர்தநாயகத்துக்குப் பின்னால் வைத்தான். அவர் இருக்கும் வரை பொறுத்தான். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்:

“அண்ணை, இது ஹொண்டாவுமில்லை மரியாவுமில்லை, ‘ஹொந்தம ரியதுரா’ எண்டாச் சிங்களத்தில ‘மிகச் சிறந்த சாரதி’, நாளைக்குக் காலமை பத்து மணிக்கு மேடையில பரிசாம், குற்றம் ஒண்டும் பதியாத லைசென்ஸை மட்டும் கையோட கொண்டு வரட்டாம்.”